கைத்தொழில் "வளர்ந்தது", தயாரிப்பு "சுருங்கியது": ஒரே வாரத்தில் வந்த இரண்டு செய்தியில் எதை நம்புவது?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன், தம்பி. மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்பது இதுதான்: மே மாத நடுப்பகுதியில் ஒரு பேப்பர் "கைத்தொழில் உற்பத்தி வளர்ச்சி" என்று போடுகிறது, அதே வாரம் இன்னொரு பேப்பர் "தயாரிப்புத் துறை சுருக்கம்" என்று போடுகிறது, இரண்டுமே அரச நிறுவனங்கள் வெளியிட்ட எண்கள், அப்படியானால் எது பொய்? ஆனால் விசயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது. திருகோணமலை உப்புவெளியில் ஆறு பேரை வைத்துச் சீமெந்துக்கல் அரிகிறீர்கள். இரண்டாவது இயந்திரம் வாங்க வங்கியில் கடன் படிவமும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். இந்த எண்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்வேன். இரண்டாவதற்குப் பாதி வழிதான் கூட வர முடியும், ஏனென்றால் உங்கள் கணக்குப் புத்தகம் என் கையில் இல்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் புள்ளிவிபர வேலையில் இருந்தவன் நான். படிவக் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சீனக்குடா, கப்பல்துறை, கந்தளாய், கிண்ணியா என்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்திருக்கிறேன். இப்போது ஓய்வூதியம், பின்னேரத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொருளியல். ஆகவே இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை அடுப்படிப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சின்னச் சங்கதி ஒன்று. பேப்பர்காரர் இதைச் சொல்வதே இல்லை. அந்த இரண்டு செய்தியும் ஒரே மாதத்தைப் பற்றியவை அல்ல. இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண் ஒரு மாதம் முடிந்து ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழித்துத்தான் வெளிவரும். மத்திய வங்கியின் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண், அதாவது எல்லாரும் பீஎம்ஐ என்று சொல்வது, அடுத்த மாத நடுப்பகுதியிலேயே வந்துவிடும். ஆகவே மே நடுப்பகுதியில் நீங்கள் வாசித்த "வளர்ச்சி" மார்ச் மாதத்துக் கதை, "சுருக்கம்" ஏப்ரல் மாதத்துக் கதை. இடையில் சித்திரைப் புத்தாண்டு வந்து போனது. உங்கள் இடத்திலேயே அந்தப் பத்து நாளும் இயந்திரம் ஓடியிருக்காது. பாதி முரண்பாடு இதோடு கரைந்துவிடும்.

மற்றப் பாதி, இரண்டும் இரண்டு விதமான அளவை என்பதால் வருவது. விடியற்காலையில் மீன் சந்தைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குப் பாடு, அதாவது பிடிபட்ட மீன், எப்படி என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. ஒன்று, தராசுக்குப் பக்கத்தில் நின்று கரைக்கு வந்த மீன் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பது. மற்றது, வந்த இருபது படகுக்காரரிடமும் "நேற்றையைவிடக் கூடவா, குறைவா, அதே அளவா?" என்று வாயால் கேட்பது. பன்னிரண்டு பேர் கூட என்கிறார்கள், நான்கு பேர் அதே அளவு, நான்கு பேர் குறைவு. பீஎம்ஐ செய்வது இந்த இரண்டாவது வேலை. கூட என்றவர்களின் சதவீதத்தோடு, அதே அளவு என்றவர்களின் சதவீதத்தில் பாதியைச் சேர்ப்பார்கள். 60 உடன் 10, ஆக 70. எல்லாரும் கூட என்றால் 100, எல்லாரும் குறைவு என்றால் 0, சரிக்குச் சரி நின்றால் 50. இவ்வளவுதான் அதன் சூத்திரம். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நேற்றையைவிட ஒரு கிலோதான் கூடியிருக்கலாம். குறைவு என்ற நான்கு பேரில் ஒருவர் கரைவலைச் சம்மாட்டியாக இருந்து, அவருக்கு ஒரு தொன் குறைந்திருக்கலாம். தராசு இன்றைக்குப் பாடு மோசம் என்று காட்டும், தலைக்கணக்கு நல்லது என்று காட்டும். இரண்டிலும் பொய் இல்லை.

தராசு வேலையைச் செய்வது கைத்தொழில் உற்பத்திச் சுட்டெண். தொழிற்சாலைகளிடம் இந்த மாதம் எத்தனை தொன், எத்தனை லீற்றர், எத்தனை உடுப்பு என்று கேட்டு, ஒவ்வொரு வகைத் தொழிலுக்கும் ஒரு நிறை, அதாவது மொத்தத்தில் இவ்வளவு பங்கு என்று, கொடுத்துக் கூட்டுவார்கள். நம் நாட்டுத் தொடருக்கு 2015 அடியாண்டு, அந்த வருடத்துச் சராசரி 100. நிறையில் பெரியது உணவுப் பொருள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அடுத்தது ஆடை, ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில். இந்த இரண்டும் சேர்ந்தே பாதியைத் தாண்டிவிடும். உங்கள் சீமெந்துக்கல் விழும் பெட்டி "உலோகமல்லாத ஏனைய கனிமப் பொருட்கள்". சீமெந்தும் தரை ஓடும் பீங்கானும் கண்ணாடியும் அதற்குள்தான். அந்தப் பெட்டி முழுவதற்கும் நூற்றில் பத்துக்கும் குறைவான நிறைதான்.

திருகோணமலைக்காரர் எதெல்லாம் எண்ணப்படுகிறது, எதெல்லாம் விடுபடுகிறது என்று அறிந்துவைப்பது நல்லது. சீனக்குடாவில் பிறீமா ஆலை கோதுமையை மாவாக்குவது உணவுப் பெட்டிக்குள் வரும். கப்பலில் வந்திறங்கும் கிளிங்கரை டோக்கியோ சீமெந்து அரைத்துச் சீமெந்தாக்குவதும் கணக்கில் சேரும். ஆனால் அதே சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் எரிபொருள் நிரப்பி வைத்திருப்பது உற்பத்தி ஆகாது, அது களஞ்சியம், பணிகள் துறையின் சோலி. எண்ணெயைக் கலந்து உராய்வு நீக்கி எண்ணெய் தயாரித்தால் அது உற்பத்தி. புல்மோட்டையில் இல்மனைற் மணல் அள்ளுவது அகழ்வுத் தொழில். நம் மாதாந்தச் சுட்டெண் தயாரிப்புத் தொழில்களுக்கு மட்டுமானது என்பதால் அது வெளியே நிற்கும். இந்தியாவில் அப்படி இல்லை. 2011-12ஐ அடியாகக் கொண்ட அவர்களுடைய தொழில்துறை உற்பத்திக் குறியீட்டில் தயாரிப்புக்கு 77.6, சுரங்கத்துக்கு 14.4, மின்சாரத்துக்கு 8.0 என்று நிறை. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு இங்கத்தைய எண்ணோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

தராசுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு பெரிய மூட்டை முழுத் தட்டையும் சாய்த்துவிடும். 2021 நவம்பரில் மசகு எண்ணெய், அதாவது சுத்திகரிக்காத எண்ணெய், வாங்க டொலர் இல்லாமல் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்கள். நாட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான். அது நின்றால் பெற்றோலியப் பெட்டியே காலி, மொத்தச் சுட்டெண்ணும் கீழே இழுபடும். கிண்ணியாவில் அரிசி ஆலை வைத்திருப்பவருக்கும் உங்களுக்கும் அதனால் அந்த மாதத்தில் எந்த நட்டமும் வந்திராது. மறுபடி அது ஓடத் தொடங்கினால் சுட்டெண் துள்ளி எழும், உங்கள் முற்றத்தில் ஒரு கல்லும் கூட விற்றிருக்காது. ஆகவே தலைப்பு எண்ணோடு நிற்காதீர்கள். திணைக்களத்தின் அறிக்கையில் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்ட அட்டவணை இருக்கும், அதில் உங்கள் வரியைப் பாருங்கள்.

படிவம் நிரப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாத் தொழிற்சாலையும் நேரத்துக்கு அனுப்புவதில்லை. அனுப்பாதவர்களுக்கு மதிப்பீடு போட்டுத்தான் முதல் எண் வெளிவரும், பிறகு திருத்துவார்கள். ஒரு இடத்தில் எழுதுவினைஞர் மூன்று மாதமும் ஒரே எண்ணை எழுதி அனுப்பினார். போய்க் கேட்டேன். "ஐயா, போன மாசப் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதினனான், பெரிசா மாறேல்லைத்தானே" என்றார். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, சம்பளக் கணக்கு முடிக்கும் நாளில் நம் படிவமும் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அன்றையிலிருந்து தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்துக்கு நான் பெரிய மரியாதை கொடுப்பதில்லை.

பீஎம்ஐக்கு வருவோம், அங்கேதான் குழப்பம் அதிகம். தயாரிப்புப் பீஎம்ஐ ஒரே கேள்வி அல்ல, ஐந்து கேள்வியின் கூட்டு: புதிய ஓடர்கள், உற்பத்தி, வேலையாட்கள், வழங்குநரிடமிருந்து பொருள் வந்துசேர எடுக்கும் நேரம், வாங்கி வைத்திருக்கும் மூலப்பொருள் இருப்பு. உலகின் பல நாடுகளுக்குப் பீஎம்ஐ தயாரிக்கும் எஸ் அன்ட் பீ குளோபல் நிறுவனம் இவற்றுக்கு முறையே 30, 25, 20, 15, 10 என்று நிறை வைக்கிறது. அமெரிக்காவின் ஐஎஸ்எம் அமைப்பு நெடுங்காலமாக வெளியிடும் சுட்டெண்ணில் 2008 இலிருந்து ஐந்துக்கும் சமமாக 20. எப்படி வைத்தாலும் நான்காவது கேள்வியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொருள் வந்துசேரத் தாமதமானால் அது சுட்டெண்ணை ஏற்றும், இறக்காது. காரணம், நல்ல காலத்தில் வழங்குநருக்கு வேலை குவிந்தால்தான் தாமதம் வரும் என்ற அனுமானம். சாதாரண வருடத்தில் அது சரி. ஆனால் 2020 ஏப்ரலில் ஊரடங்கு. பொருள் வராததற்குக் காரணம் லொறி ஓடாததும் துறைமுகம் முடங்கியதும். அந்தத் தாமதமும் நல்ல குறியாக எண்ணப்பட்டது. அந்த மாதம் மத்திய வங்கியின் தயாரிப்புச் சுட்டெண் 24.2 ஆக விழுந்தது. தாமதம் முட்டுக்கொடுத்த பிறகுதான் அந்த 24.2. முட்டு இல்லாவிட்டால் இன்னும் கீழே போயிருக்கும். 2022இலும் இதே வியாதி: இறக்குமதிக்கு நாணயக் கடிதம் (எல்சி) திறக்க வங்கியில் டொலர் இல்லை, கொள்கலன் வரவில்லை, சுட்டெண்ணின் அந்தத் தாமதக் கூறு மட்டும் உயர்ந்து நின்றது. ஆகவே பீஎம்ஐ அறிக்கை கையில் கிடைத்தால் மொத்த எண்ணை விட்டுவிட்டுப் "புதிய ஓடர்கள்" என்ற வரியை முதலில் பாருங்கள். என் அனுபவத்தில் அந்த ஒரு வரிதான் காசுக்குப் பெறுமதி.

இரண்டாவது சூட்சுமம், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. பீஎம்ஐ போன மாதத்தோடு ஒப்பிடும். கைத்தொழில் சுட்டெண்ணைப் பற்றிய செய்தி பெரும்பாலும் போன வருடத்து அதே மாதத்தோடு ஒப்பிடும். உங்கள் தொழிலையே எடுப்போம். மார்ச்சில் 10,000 கல் அரிந்தீர்கள், ஏப்ரலில் வருடப்பிறப்பால் 6,000, மேயில் 9,000. ஏப்ரலில் கேட்டால் "குறைவு" என்பீர்கள், மேயில் கேட்டால் "கூட" என்பீர்கள். மே மாதத்தில் எல்லாரும் இப்படிச் சொல்வதால் பீஎம்ஐ 50க்கு மேலே எழும். பேப்பரில் "தயாரிப்பு மீண்டது" என்று வரும். ஆனால் நீங்கள் மார்ச்சைவிட ஆயிரம் கல் குறைவாகத்தான் அரிந்திருக்கிறீர்கள். நம் நாட்டில் மார்ச்சில் ஏறி, ஏப்ரலில் விழுந்து, மேயில் எழுவது வருடா வருடம் நடக்கும் கூத்து. வருடப்பிறப்பு விற்பனைக்காக மார்ச்சில் ஓடரும் உற்பத்தியும் குவியும், ஏப்ரலில் தொழிற்சாலை மூடும். ஏப்ரல் எண் 50க்குக் கீழே இருப்பது எனக்கு ஒரு செய்தியே அல்ல. போன வருடத்து ஏப்ரலைவிட மோசமா என்பதுதான் செய்தி.

போன வருடத்தோடு ஒப்பிடுவதிலும் பொறி இருக்கிறது. 100 ஆக இருந்தது 70 ஆக விழுந்து, அடுத்த வருடம் 84 ஆனால் அது 20 சதவீத வளர்ச்சி. கேட்க இனிமை, ஆனால் பழைய இடத்துக்கு இன்னும் 16 மிச்சம். இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. இலங்கைப் பொருளாதாரம் 2022இல் 7.3 சதவீதம் சுருங்கியது, 2023இல் 2.3 சுருங்கியது, 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. 2021ஐ 100 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 2024இல் வருவது ஏறத்தாழ 95. "5 சதவீத வளர்ச்சி" என்ற தலைப்பை வாசித்த அதே நாளில் சந்தையில் சனம் "முந்தி மாதிரி இல்லை" என்று சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை.

பேப்பர்காரர் செய்யும் இரண்டு பிழைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பீஎம்ஐ 58 என்றால் "58 சதவீத வளர்ச்சி" என்று எழுதுவது ஒன்று. அது வளர்ச்சியின் அளவே அல்ல, கூடியது என்றவர் பக்கம் தட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். மற்றது, 58 இலிருந்து 54க்கு வந்தால் "வீழ்ச்சி" என்று போடுவது. 54இலும் கூடியது என்பவர்தான் அதிகம். ஏறுகிறவர் தொகை குறைந்திருக்கிறது, ஆனால் ஏறுவது நிற்கவில்லை.

இப்போது நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை. உங்கள் தொழிலுக்கு இதுதான் மிகக் கிட்டியது. மத்திய வங்கி நிர்மாணத் துறைக்கும் தனியாக ஒரு பீஎம்ஐ வெளியிடுகிறது. கல் அரிபவர் பார்க்க வேண்டியது தயாரிப்பை அல்ல, அதை. 2022 தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வருடம் அந்த எண் 50க்குக் கீழேயே கிடந்தது. அரசாங்கத்துக் கட்டட வேலைகள் நின்றன, சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போயின, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது, வீட்டுக்கு அத்திவாரம் போட்டவரும் அப்படியே விட்டார். 2024 தொடக்கத்தில் அந்த எண் 50ஐத் தாண்டியது. எனக்குப் புளுகம் தாங்கவில்லை. ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் போய், "இனி ஏறுமுகம்தான், தரை ஓடு இறக்கிப் போடும்" என்றேன். அவர் நம்பினார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம். இறக்கிய பெட்டிகளில் பாதி பத்து மாதம் கடையின் பின்பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. அக்கா இன்றைக்கும் சோறு போடும்போது அதைச் சொல்லிக் காட்டுவா.

நான் விட்ட பிழை என்ன? மாதா மாதம் 50க்குக் கீழே என்றால், மாதா மாதம் முந்திய மாதத்தைவிடக் குறைந்துகொண்டு போனது என்று பொருள். 100 இலிருந்து தொடங்கி இரண்டு வருடத்தில் 40 வரை இறங்கியிருந்தது என்று வைப்போம். அடுத்த மாதம் அது 41 ஆனால் கேட்டவர்களில் அதிகம் பேர் "கூடியது" என்பார்கள், சுட்டெண் 50ஐத் தாண்டிவிடும். கிணற்றின் அடியிலிருந்து ஒரு படி ஏறினாலும் ஏற்றம்தான், ஆனால் கிணற்றுக்கு வெளியே வந்தாயிற்று என்று அர்த்தமில்லை. பிள்ளைகளுக்கு வருடா வருடம் படிப்பிக்கும் பாடத்தை நானே மறந்துவிட்டு மச்சானுக்குப் புத்தி சொல்லப் போனேன். பீஎம்ஐ திசையைச் சொல்லும், உயரத்தைச் சொல்லாது. உயரம் வேண்டுமென்றால் மாதத் தயாரிப்புக்குக் கைத்தொழில் சுட்டெண், கட்டட வேலைக்குக் காலாண்டு தேசியக் கணக்கு, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். அவை பிந்தித்தான் வரும், அதற்கு மருந்தில்லை.

இன்னொன்று, இந்த எண்கள் யாரைக் கேட்டு எழுதப்படுகின்றன? பெரிய, நடுத்தர நிறுவனங்களின் கொள்வனவு அதிகாரிகளிடம்தான் அநேகமாகக் கேட்கிறார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேல் மாகாணத்தில் மட்டும் நடக்கிறது, ஆகவே தேசிய எண்ணில் கேட்பது பெரும்பாலும் கொழும்பு, கம்பஹா, களுத்துறைக் குரல். 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பின் வகைப்படி கைத்தொழிலில் 4 பேர் வரை மிகச் சிறிய நிறுவனம், 5 முதல் 24 வரை சிறியது, 25 முதல் 199 வரை நடுத்தரம், 200இலிருந்து பெரியது. விவசாயம் தவிர்ந்த நிறுவனங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மிகச் சிறியவை. ஆறு பேர் வைத்திருக்கும் உங்களிடம் மத்திய வங்கியிலிருந்து யாரும் மாதா மாதம் தொலைபேசி எடுத்துக் கேட்கப் போவதில்லை.

நம் ஊருக்கு இதைவிடப் பெரிய சங்கடம் பருவம். நாட்டின் சுற்றுலாக் காலம் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை, தெற்கு, மேற்குக் கரைக்கு ஏற்றபடி. பணிகள் துறைப் பீஎம்ஐ அந்த மாதங்களில் தங்குமிடமும் உணவும் நன்றாக இருப்பதாகக் காட்டும்போது நிலாவெளியில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், விடுதிகளில் பாதி பூட்டியிருக்கும். நமக்குக் காலம் சித்திரை முடிந்த பிறகு புரட்டாதி வரை. நிலாவெளி விடுதிக்காரர் தேசிய எண்ணைப் பார்த்து ஆள் சேர்த்தால் மழையில்தான் நிற்பார். நெல்லும் அப்படித்தான்: பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வந்து கந்தளாய்ப் பக்கத்து ஆலைகள் இராப் பகலாக ஓடும், பிறகு அடங்கும். ஆலைக்காரரிடம் பணம் புரளும் மாதத்தில்தான் அவர் புது மதிலுக்கு உங்களிடம் கல் கேட்பார்.

இவற்றில் நான் உறுதியாக நிற்பது எதில் என்றால்: இரண்டு சுட்டெண்ணும் மூன்று, நான்கு மாதம் தொடர்ந்து ஒரே பக்கம் காட்டினால் நாடு அந்தப் பக்கம்தான் போகிறது. 2020இலும் 2022இலும் இரண்டும் சேர்ந்துதான் விழுந்தன. ஒரே மாதத்தில் பீஎம்ஐ ஒன்று இரண்டு புள்ளி ஆடுவதையும், கைத்தொழில் சுட்டெண் ஒரு சதவீதம் ஏறி இறங்குவதையும் நான் பொருட்படுத்துவதில்லை. விடுமுறை, போயா, படிவம் வராதது, ஒரு கப்பல் பிந்தியது, எதுவும் காரணமாக இருக்கலாம். ஈஸ்டர்கூட ஒரு வருடம் மார்ச்சிலும் மற்ற வருடம் ஏப்ரலிலும் வரும், 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. சந்தேகமாக நிற்பது இந்தத் தேசிய எண்கள் திருகோணமலைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது. என் கணிப்பில், கொழும்பில் கட்டட வேலை சூடுபிடித்துச் சில மாதம் கழித்துத்தான் அந்தச் சூடு இங்கே வந்து சேருகிறது. ஆனால் இது கண்ணால் பார்த்துச் சொல்வது. காகிதத்தில் நிரூபித்துக் காட்டு என்றால் மாட்டேன்.

ஆகவே கடன் விசயத்தில் நான் உங்கள் இடத்தில் இருந்தால், நிர்மாணப் பீஎம்ஐயில் புதிய ஓடர்கள் வரியையும், கைத்தொழில் சுட்டெண்ணில் உலோகமல்லாத கனிமப் பெட்டியையும் கடந்த ஆறு மாதத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுவேன். பக்கத்தில் போன வருடத்து அதே மாதங்கள். இது ஒரு பின்னேர வேலை. அதன் பிறகு அந்தக் கொப்பியை மூடிவிட்டு வெளியே போவேன். உங்கள் பிரதேச சபையில் கட்டட அனுமதிக்கு எத்தனை விண்ணப்பம் வருகிறது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்பேன். கிண்ணியாவிலிருந்து மணல் ஏற்றும் லொறிக்காரரிடம் கிழமைக்கு எத்தனை நடை என்று கேட்பேன். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அதில் இலாபமில்லை. பிறகு என் சொந்தக் கணக்கு: முற்பணம் தந்த ஓடர் எவ்வளவு, வாயால் சொன்ன ஓடர் எவ்வளவு, கல் இல்லை என்று திருப்பி அனுப்பிய ஆட்கள் மாதத்துக்கு எத்தனை பேர். திருப்பி அனுப்பிய ஆட்கள் இருந்தால்தான் இரண்டாவது இயந்திரத்துக்கு நியாயம் இருக்கிறது. இருக்கிற இயந்திரமே கிழமையில் இரண்டு நாள் சும்மா கிடந்தால், பீஎம்ஐ 70 ஆனாலும் படிவத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, வங்கித் தவணை மாதா மாதம் வரும், நமக்கு மழை ஐப்பசி தொடங்கித் தை வரை. அந்த நாலு மாதம் கல் காயாது, கட்டடமும் எழும்பாது. கடந்த இரண்டு வருடமும் அந்த நாலு மாதத்தில் எவ்வளவு விற்றீர்கள், தவணை எவ்வளவு வரும், இந்த இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். தாங்குமா என்று நானும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறேன். மச்சானுக்குச் சொன்னதைவிடக் கவனமாகச் சொல்வேன்.